குளிர்பானப் போத்தலில் குடியேறும் நஞ்சு



தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் களைக்கொல்லி புதிதன்று. இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். அந்த மருந்துகளில் கொடியது பாராகுவாட். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. கலக்காத மருந்து ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகலாம்.

தொடக்கத்தில் அது பழுப்பு நிறத்தில் இருந்தது. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால் பானமா, நஞ்சா என்று தெரியாது. பல நாடுகளில் தாகத்தோடு வந்தவர்கள் அதைக் குடித்து மாண்டார்கள். அதனால்தான் பின்னாளில் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தியை வரவழைக்கும் பொருளும் அதில் சேர்க்கப்பட்டன. மலேசியா 2002இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது.

பாராகுவாட் போனது, போத்தல் மாற்றும் பழக்கம் போகவில்லை. பெரிய கலனில் மலிவாக வாங்கிய பிளீச்சும், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த தின்னரும் இன்றும் தண்ணீர்ப் போத்தல்களில் சமையலறைக்குள் வருகின்றன. எழுத்தறியாத குழந்தைக்குத் தெரிந்தது போத்தலின் வடிவம் மட்டுமே.

போத்தல் மாறும்போது எச்சரிக்கையும் தொலைகிறது. பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது மூச்சைத் திணறடிக்கும். கலக்கக்கூடாது என்று சொல்லும் முகப்புச்சீட்டு பழைய கலனோடு குப்பைக்குப் போய்விட்டதே!

வேலையிடத்தில் கேடான இரசாயனத்தை வேறு கலனுக்கு மாற்றினால் அதிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும் என்கின்றன மலேசியாவின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகள். வீட்டுக்குச் சோதனை அதிகாரி வரமாட்டார். அங்கே பெற்றோரே அதிகாரிகள்.

தவறுதலாக யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலம் தொண்டையை மீண்டும் பொசுக்கும். தின்னர் நுரையீரலுக்குள் இறங்கும். 999ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனது எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் காலம் கடத்தாமல் சிகிச்சை தொடங்க முடியும். கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிய பிறகே புறப்படுங்கள்.

இன்றிரவு உறங்கும் முன் சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத போத்தல் இருந்தால் முகர்ந்து பார்க்க வேண்டாம். 'நஞ்சு' என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இனி எந்த இரசாயனமும் அது வந்த போத்தலிலேயே இருக்கட்டும்.