ஆழ்ந்த ஆட்டமும் ஆடுவோர் கூட்டமும்

விளையாட்டுகளில் இருவகை உண்டு. ஓடியும் தாவியும் ஆடுவன ஒருவகை. ஒருவர்க்குப் பின் ஒருவராக, முறை வைத்து, அமர்ந்து எண்ணி ஆடுவன மற்றொரு வகை. பின்னதில் தலைசிறந்தது சதுரங்கம். சீனத்தில் வெய்ச்சி என்றும் ஜப்பானில் கோ என்றும் வழங்கும் ஆட்டமும் அதற்கு இணையாக நிற்பது. கணிப்பொறி வந்தபின் இக்குடும்பம் பெருகியது. 1991-ஆம் ஆண்டில் சிட் மையர் என்பார் அமைத்த ‘சிவிலிசேஷன்’ என்னும் ஆட்டத்தில், ஒரு சிற்றூரை நிறுவித் தொடங்கி, விண்கலம் செலுத்தும் காலம் வரையில் ஒரு நாகரிகத்தையே நாம் நடத்திச் செல்லலாம்.

இந்த ஆட்டங்களில் ஒரு புதுமை உண்டு. உள்ளே புகுந்தவர் வெளியே வர மனம் கொள்வதில்லை. ‘இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை’ என்று விடியும் வரையில் ஆடுவோரைப் பற்றிச் சிவிலிசேஷன் ஆடுவோரிடையே ஒரு வழக்கே உண்டு. ஆயினும் வெளியே நிற்பவர் உள்ளே வரத் தயங்குகின்றனர். இத்தனை இன்பம் தரும் ஆட்டம் பெருங்கூட்டத்தை எளிதில் ஈர்ப்பதில்லை. ஏன்? இதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதற் காரணம், இன்பம் தாமதமாக வருவது. பந்தை ஒருமுறை ஓங்கி அடித்தாலே சிறுவனுக்கு மகிழ்ச்சி பிறக்கிறது. சதுரங்கத்தில் அவ்வாறு இல்லை. காய்கள் செல்லும் வழியை ஒரு மாலையில் கற்றுவிடலாம். ஆனால் ‘இதை ஏன் இங்கே நகர்த்த வேண்டும்’ என்பதை உணரப் பல மாதம் ஆகும். வெள்ளைக் காய் ஆடுபவருக்கு முதல் நகர்வில் 20 வழிகள் உண்டு. கறுப்புக் காய் ஆடுபவருக்கும் 20 வழிகள் உண்டு. ஆளுக்கு ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் பலகை 400 விதமாக அமைந்துவிடலாம். கோ ஆட்டத்திலோ விதிகள் மிகச் சில. ஆனால் கல் வைக்கத்தக்க இடங்கள் 361. புதியவன் அப்பலகையைப் பார்க்கும்போது எங்கே தொடங்குவது என்றே அவனுக்குப் புலப்படுவதில்லை.

இரண்டாவது காரணம், போராட்டம் கண்ணுக்குத் தெரியாமை. கிரிக்கெட்டில் விக்கெட் விழுவதை, விதி அறியாதவரும் காண்கிறார். சதுரங்கத்தில் ஒருவர் கன்னத்தில் கைவைத்து இருபது நிமிடம் அமர்ந்திருப்பார். பிறகு ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். அந்த இருபது நிமிடத்தில் அவர் உள்ளத்தில் ஒரு போரே நடந்து முடிந்திருக்கலாம். பார்ப்பவர் கண்டது ஒரு மனிதர் சும்மா இருந்ததை மட்டுமே. 1992-ஆம் ஆண்டில் ‘டூன் 2’ என்னும் கணிப்பொறி ஆட்டம் வந்தது. அதில் முறை இல்லை. இரு தரப்பும் ஒரே நேரத்தில் இயங்கும். அதன் வழியில் பிறந்தவற்றுள் 1998-இல் வெளியான ‘ஸ்டார்கிராஃப்ட்’ தென்கொரியாவில் தொலைக்காட்சியில் காட்டும் பந்தயமாகவே வளர்ந்தது. அசைவு கண்ணைக் கவரும். எண்ணம் கண்ணுக்கு அகப்படாது.

மூன்றாவது காரணம் உள்ளத்தைச் சார்ந்தது. தாயம் ஆடித் தோற்றவர் தாயக்கட்டையைக் குறை சொல்லலாம். சீட்டில் தோற்றவர் வந்த சீட்டைக் குறை சொல்லலாம். சதுரங்கத்தில் தோற்றவர் யாரைக் குறை சொல்வார்? பலகை இருவர்க்கும் பொது. காய்களும் இருவர்க்கும் சமம். தோல்வி முழுவதும் தம்முடையதே. தன் அறிவே தோற்றது போன்ற உணர்ச்சியைத் தாங்குவது எளிதன்று. பலர் ஐந்தாறு தோல்விகளோடு பலகையை மூடி வைப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் இவ்வாட்டங்கள் என்றும் சிலருக்கே உரியவையா? அல்ல என்று வரலாறு காட்டுகிறது.

சதுரங்கமே ஒரு காலத்தில் இன்னும் மெதுவாக நடந்த ஆட்டம். இந்தியாவில் பிறந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றபோது, அரசனுக்கு அருகில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரு கட்டமே நகர்வார். ஐரோப்பாவில் அவர் இடத்தில் அரசி வந்தாள். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. ஆட்டம் விறுவிறுப்பு அடைந்தது. 1851-இல் இலண்டனில் முதல் பன்னாட்டுப் பந்தயம் நடந்தபோது காலக் கட்டுப்பாடு இல்லை. சிலர் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு நீண்ட நேரம் சிந்தித்தனர். 1861-இல் மணற்கடிகாரம் வந்தது; 1883-இல் இலண்டன் பந்தயத்தில் இரட்டைக் கடிகாரம் வந்தது. இம்மாறுதல்களால் சதுரங்கத்தின் ஆழம் குறையவில்லை. வாயில் மட்டும் அகன்றது.

1972-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் அமெரிக்கரான பாபி பிஷரும் ரஷ்யரான போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்திற்குப் போட்டியிட்டனர். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்பார் ஒரு பெரிய பலகையின் முன் நின்று ஒவ்வொரு நகர்வையும் விளக்கினார். அடுத்த நகர்வு வரும் வரையில், ‘இனி என்ன ஆடக்கூடும்’ என்று ஆராய்ந்தார். சும்மா இருந்த நேரமே சுவையான நேரம் ஆயிற்று. ஆட்டத்தின் விதி ஒன்றும் மாறவில்லை. மறைந்திருந்த எண்ணத்தை ஒருவர் எடுத்துக் காட்டினார், அவ்வளவே. 2016-இல் சியோல் நகரில் ஆல்ஃபாகோ என்னும் கணிப்பொறி நிரல் கோ வல்லுநர் லீ செடாலை 4-1 என்று வென்றபோதும் விளக்குவோர் துணையாலேயே பிறர் அதனைச் சுவைத்தனர். இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37-ஆம் கல் முதலில் வல்லுநர்களையே திகைக்க வைத்தது. அத்திகைப்பைக் கண்டே, ஆட்டம் அறியாதவர்களும் அதன் அருமையை உணர்ந்தனர்.

கணிப்பொறி ஆட்டம் அமைப்போரும் இவ்வழியைக் கண்டனர். 1994-இல் வந்த ‘எக்ஸ்-காம்’ ஆட்டத்தில் வீரன் ஒருவன் திரும்பினாலும் குனிந்தாலும் அதற்கு நேரக் கணக்கு உண்டு. 2012-இல் அதனைப் புதுப்பித்தவர்கள், ஒரு முறைக்கு ஒரு வீரனுக்கு இரு செயல்கள் என்று சுருக்கினர். ஆயினும் இறந்த வீரன் மீளான் என்னும் கடுமையை விடவில்லை. ‘ஃபயர் எம்ப்ளம்’ என்னும் ஜப்பானிய ஆட்ட வரிசையோ வேறு வழி கண்டது. அதன் அடுத்த பகுதி 2,50,000 படிகளேனும் விற்காவிடில் வரிசையே நின்றுவிடும் என்னும் நிலை வந்தது. 2012-இல் வெளியான அப்பகுதியில், வீழ்ந்த வீரர் மீளாத பழைய முறையையும், மீண்டு வரும் எளிய முறையையும் அருகருகே வைத்து, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் செய்தனர். அது அவ்வெல்லையைப் பன்மடங்கு கடந்து விற்றது, வரிசையும் பிழைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கூட்டம் வரவேண்டும் என்பதற்காக ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிட்டால், வந்தவருக்கு அங்கே தங்கக் காரணம் இராது. குளத்தில் இறங்க அஞ்சுவோருக்குப் படித்துறை கட்டித் தரவேண்டும். குளத்தைத் தூர்த்துவிடக் கூடாது.

படித்துறை கட்டினால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையே சான்று. 1961-இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-இல் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. அங்கே ஆடிப் பழகிய சிறுவருள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவருக்கு ஆறு வயதில் ஆட்டம் கற்பித்தவர் அவருடைய தாயார். குடும்பம் மணிலாவில் வாழ்ந்த நாளில், பகலில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை அத்தாயார் குறித்து வைப்பாராம். பள்ளி விட்டு வந்த மகனும் தாயும் சேர்ந்து விடை காண்பார்களாம். 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று இந்திய மாநிலங்களுள் கிராண்ட்மாஸ்டர்கள் மிகுந்திருப்பது தமிழ்நாடே. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடந்தது. 2024-இல் சென்னை இளைஞர் குகேஷ், 18 வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார்.

இதற்கென ஆட்டத்தை யாரும் எளிதாக்கவில்லை. கற்பிக்க ஒரு தாய் இருந்தார். ஆட ஒரு கழகம் இருந்தது. பின்பற்ற ஒரு முன்னோடி இருந்தார். ஆழ்ந்த ஆட்டத்திற்குக் கூட்டம் சேராமைக்கு மக்களின் அறிவுக்குறைவு காரணம் அன்று. முதல் தோல்விக்கும் முதல் இன்பத்திற்கும் இடையே உள்ள தொலைவைத் தனியே கடக்க நேர்வதுதான் காரணம்.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்களுள் இவ்வகை ஆட்டம் ஒன்றை அறிந்தவர், அறியாத ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவரை வென்று காட்டுவதில் விரைவு வேண்டா. உங்கள் நகர்வின் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி ஆடுங்கள். கற்கத் தொடங்குபவரோ, முதலில் வரும் தோல்விகளை அறிவின் குறையாகக் கொள்ளாமல், அவ்வாட்டம் கேட்கும் நுழைவுக் கட்டணமாகக் கொள்ளுங்கள். ஒரு முடிவை எடுப்பதற்கு முன் எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் பலகையோடு நின்றுவிடுவதன்று. வாழ்க்கையில் எங்கும் துணை நிற்பது.