உத்தரவாதச் சீட்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன் பேசிய அறிஞர்கள் கம்பனையும் வள்ளுவரையும் நம் கண்முன் நிறுத்திவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, கரக்பூர்ப் பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் என்னிடம் இலக்கியம் இல்லை என்று காரியதரிசியிடம் முன்னரே விண்ணப்பித்துக்கொண்டேன். "உங்கள் வீட்டு கிரைண்டர் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், அதுவே போதும்" என்றார். காலனியில் அக்கதை அரையும் குறையுமாகப் பரவியிருக்கிறது. சிலர் நான் கோர்ட்டுக்குப் போனதாகவும், சிலர் கடைக்காரரை அடித்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மையன்று.

2024ஆம் ஆண்டு பொங்கலுக்கு முதல் வாரம், இவ்வூர்ப் பஜாரில் இரண்டு லிட்டர் மேஜை கிரைண்டர் ஒன்று வாங்கினோம். கோயம்புத்தூரில் செய்தது. கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் ஊர்ச் சரக்கை வங்காளத்தில் காணும்போது உள்ளம் குளிர்கிறதல்லவா? அக்குளிர்ச்சியில் நானும் கண்ணை மூடிக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதான என் தாயாருக்கு இரவில் இட்லியைத் தவிர வேறொன்றும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அது ஆடம்பரப் பொருளன்று.

மே மாதத்தில் ஒரு நாள் மாலை, உளுந்து பாதி அரைபட்ட நிலையில் கல் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உறுமிற்று. சற்று நேரத்தில் கருகிய நாற்றம் எழுந்தது. இரண்டு வருட வாரண்டி இருக்கையில் கவலை என்ன என்று, மறுநாளே ரிக்ஷாவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு சென்றேன்.

வாங்கும்போது தேநீர் வரவழைத்துக் கொடுத்த கடைக்காரர், இப்போது கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பாபு, விற்பதோடு எங்கள் வேலை சரி. மற்றதெல்லாம் கம்பெனியின் பொறுப்பு" என்றார். இரண்டாம் முறை சென்றபோது, காலனியில் மின்சார வோல்டேஜ் ஏறி இறங்குவதே காரணம் என்றார். அதே மின்சாரத்தில் பதினோரு ஆண்டுகளாக ஓடும் என் வீட்டு ஃபிரிஜ்ஜைப் பற்றிக் கேட்டேன். விடை இல்லை. மூன்றாம் முறை, கல்கத்தாவில் உள்ள சர்வீஸ் நிலையத்தின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் திணித்தார்.

பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள அதைத் தூக்கிக்கொண்டு, விடுமுறை நாளொன்றில் விடியற்கால லோக்கலில் ஹௌரா சேர்ந்தேன். சுமார் 115 கிலோமீட்டர். அங்கே ஓர் இளைஞர் மரியாதையாகவே பேசினார். "வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இல்லையே? பில் எங்கே?" என்றார். நான் நீட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது கச்சா பில், செல்லாது. மோட்டாருக்கு 1,900 ரூபாய் ஆகும்" என்றார். மறு லோக்கலிலேயே திரும்பினேன்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கச்சா பில்லைக் கடைக்காரர் என்மீது திணிக்கவில்லை. "பக்கா பில் போட்டால் வரி சேரும், வேண்டாமென்றால் 400 ரூபாய் குறையும்" என்றார், நான் தலையசைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து அந்த 400 ரூபாயைப் பெரிய சாமர்த்தியமாக மனைவியிடம் சொல்லிக்கொண்டேன் என்பது அதைவிட வெட்கம். காகிதமில்லாமல் ஒரு தகரப் பெட்டியும் நகராத இலாகாவில் இருபது ஆண்டு ஊழியம் செய்தவன் நான்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "எங்கள் பொறுப்பன்று" என்று கடைக்காரர் சொன்ன அந்தக் குரல், எனக்கு மிகப் பழக்கமான குரலாக இருந்தது. யோசித்துப் பார்த்தேன், அது என் குரலேதான். உடைந்த தையல் மெஷினுடன் பார்சல் கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவரிடம், "கையெழுத்துப் போட்டு எடுத்துச் சென்றாகிவிட்டது, இனி இங்கே ஒன்றும் செய்ய முடியாது" என்று தலை நிமிராமல் நானும் சொல்லியிருக்கிறேன். பார்சல் பதிவான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நஷ்டஈடு கோரி ரயில்வேக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம் என்ற சட்டம் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கல்கத்தாவிலிருந்து திரும்பிய இரவில் வழி காட்டியவள் என் மனைவி. அட்டைப் பெட்டியை அவள் எறியவில்லை. அதில் மெஷினின் வரிசை எண் அச்சாகியிருந்தது. பணத்தைக் கைப்பேசி வழியாகச் செலுத்தியிருந்தபடியால், தேதியும் தொகையும் கடையின் பெயரும் வங்கிக் கணக்கில் பதிந்திருந்தன. கச்சா பில்லிலும் கடைக்காரரின் கையெழுத்து இருந்தது. மறுநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினோம். இது கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம். முறையீட்டைப் பதிவு செய்து ஓர் எண் கொடுத்தார்கள். தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. முறையீட்டைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவ்வளவே. ஆயினும் மூன்று முறை நடந்தும் கிடைக்காத பதில், ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து வந்தது: "விற்ற கடையின் பில்லை அனுப்புங்கள்." சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கே வந்து நின்றோம்.

பிறகு கடைக்கும் கம்பெனிக்குமாக ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த குவார்ட்டர்ஸில் கல்லூரியில் படிக்கும் பெண் அதை ஆங்கிலத்தில் தட்டெழுதித் தந்தாள். வசைமொழி ஒன்றுமில்லை. வாங்கிய தேதி, தொகை, வரிசை எண், பழுதான நாள், கடைக்குச் சென்ற மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் கூறப்பட்ட பதில் ஆகியவையே. விற்ற சரக்குக்கு முறையான பில் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறைகேடான வணிகம் என்பதையும், பதினைந்து நாட்களுக்குள் பழுது நீக்காவிடில் மேதினிபூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன் என்பதையும் இறுதியில் சேர்த்தேன். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

அச்சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1986இல் இயற்றப்பட்ட பழைய சட்டம் நீங்கி, புதியது 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. பழையதன்படி, எதிர்த்தரப்பார் இருக்குமிடத்திலோ விவகாரம் எழுந்த இடத்திலோதான் வழக்கிட வேண்டும். புதியதன்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மூட்டை கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய அனுகூலம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறை எழுந்த இரண்டு வருடத்துக்குள் செல்ல வேண்டும். மூன்று மாதத்திலும், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. வாய்தாக்கள் அதற்கு மேலும் நீள்வதுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

லீவில் ஊருக்குப் போய் அங்கேயே கிரைண்டர் வாங்கி ரயிலில் கொண்டுவரும் தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மலிவுதான். ஆனால் பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள், கூலியும் போக்குவரத்தும் யார் தலையில் விழும் என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். அட்டையின் பின்புறத்துப் பொடி எழுத்தையும் அங்கேயே படியுங்கள். எங்கள் அட்டையில் கல்லும் பெல்ட்டும் சேரா என்றிருந்தது, மோட்டார் சேர்ந்திருந்தது. கெட்டது பெல்ட்டாக இருந்திருந்தால் எனக்கு வாதமே இல்லை.

கடிதம் சென்ற பதினோராம் நாள் கடைக்காரரே தொலைபேசியில் அழைத்தார். பழைய தேதியில் பில் போட இயலாது என்று முதலில் இழுத்தார். பின்னர், தம் ஏட்டின்படி இன்ன தேதியில் விற்றதாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். வாரண்டி அட்டையில் முத்திரையும் விழுந்தது. ஜூலையில் புது மோட்டார் வந்து பொருத்தப்பட்டது. புது மெஷின் கேட்டேன்; கிடைக்கவில்லை. ரிக்ஷாக் கூலியும் கல்கத்தாச் செலவும் போனது போனதுதான். கூட்டிப் பார்த்தால் அந்த 400 ரூபாய்ச் சாமர்த்தியத்தைத் தாண்டிவிட்டது. இடையில் 47 நாட்கள், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் கொடுத்த மாவில் என் தாயார் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம்.

தையல் மெஷின்காரரை மறுபடியும் காண நான் கொடுத்துவைக்கவில்லை. நஷ்டஈட்டு ஆபீஸின் விலாசத்தையும் ஆறு மாதக் கெடுவையும் ஒரு தாளில் எழுதிக் கவுண்டரில் ஒட்டியிருக்கிறேன். மேலதிகாரி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற தீபாவளிக்கு மிக்ஸி வாங்க அதே கடைக்குத்தான் போனோம்; பஜாரில் வேறு நல்ல கடை இல்லை. நான் வாய் திறக்குமுன் என் மனைவி, "பக்கா பில்" என்றாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்து அட்டையில் அழுத்தினார். மை உலரும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.