ஒன்றுபோல் தோன்றும் இரு கணினிகள்: வாங்குமுன் அறிய வேண்டியவை



பிள்ளைகளின் பள்ளிப் பாடம், வங்கிக் கணக்கு, மருத்துவருடன் காணொளிச் சந்திப்பு, ஊரிலுள்ள உறவினருடன் உரையாடல் ஆகிய அன்றாடப் பணிகளுக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. அலுவலகங்களில் பயன்பட்டு, பின்னர் புதுப்பித்து விற்கப்படும் மேசைக் கணினியே இவற்றுக்குப் போதுமானது. ஆயினும் அத்தகைய கணினிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் 7050, ஆப்டிபிளெக்ஸ் 7060 என்னும் இரண்டையும் கருதலாம். முன்னது 2017-இலும் பின்னது 2018-இலும் விற்பனைக்கு வந்தவை. இரண்டும் கறுப்பு நிறப் பெட்டிகள். இரண்டிலும் 8 அல்லது 16 ஜி.பி. நினைவகம் இருக்கக்கூடும். 7050 சற்று மலிவாகக் கிடைத்தால், அதையே வாங்கத் தோன்றுவது இயல்பு.

உண்மையான வேறுபாடு பெட்டிக்குள் இருக்கும் பிராசஸரில் உள்ளது. 7050-இல் பெரும்பாலும் காணப்படும் இன்டெல் ஐ5-7500 ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தது. 7060-இல் காணப்படும் ஐ5-8500 எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கமே தலைமுறையைக் குறிக்கும். பத்தாம் தலைமுறை முதலானவற்றில், ஐ5-10500 என்பதுபோல், முதல் இரண்டு இலக்கங்கள் அதனைக் குறிக்கும்.

இந்த ஓர் இலக்கம் ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்க்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் பிராசஸர்களுள் ஒரு சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதே ஏற்கப்படுகிறது. ஆகவே ஐ5-8500 தகுதி பெறுகிறது. ஐ5-7500 தகுதி பெறவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத பெட்டியில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தகுதியற்ற கணினியிலும் சோதனையைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ நிறுவ இயலும். அவ்வாறு நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி அளிப்பதில்லை. எனவே விளம்பரத்தில் ‘விண்டோஸ் 11’ என்று இருப்பது மட்டும் போதாது. பிராசஸரின் முழு எண்ணையும் கேட்டறிய வேண்டும். ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் மைக்ரோசாப்டின் இலவச மென்பொருளும் தகுதியைக் காட்டும்.

அடுத்து மூன்று கேள்விகளை விற்பவரிடம் கேட்பது நலம். முதலாவது, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையா? பழைய சுழல்வட்டாயின் கணினி மிக மெதுவாக இயங்கும். இரண்டாவது, வைஃபை வசதி உள்ளதா? அலுவலகக் கணினிகள் பலவற்றில் அது இராது. தனியே வாங்க நேரிடும். மூன்றாவது, உத்தரவாதம் எத்தனை மாதம், திருப்பித் தர எத்தனை நாள்? நினைவகம் 8 ஜி.பி. மட்டுமே எனினும் கவலை வேண்டா. இவ்விரு கணினிகளிலும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏழாம் தலைமுறை 7050-இல் எட்டாம் தலைமுறை பிராசஸரைப் பொருத்த இயலாது. பின்னர் மாற்ற முடியாததை முதலில் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

அப்படியானால் 7050 முற்றிலும் பயனற்றதா? அன்று. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் அதில் நன்கு இயங்கும், புதுப்பிப்புகளும் கிடைக்கும், தமிழில் தட்டச்சு செய்யவும் இயலும். புதிய முறையைக் கற்கும் ஆர்வமும் உதவ ஒருவரும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். விண்டோஸ் பழகிய பெரியோர் தனித்து இயக்க வேண்டிய வீட்டுக்கு 7060-ஏ தக்கது.

புதியது வந்தபின் பழைய கணினியைக் குப்பைத் தொட்டியில் இடலாகாது. நியூ ஜெர்சிச் சட்டம் 2011 முதல் இதனைத் தடை செய்கிறது. அதிலுள்ள தகவல்களை முற்றிலும் அழித்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.