நிழற்படத் தொழிலும் நிர்ணயித்த கூலியும்

(ஜமாஅத் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

 

எந்த ஸ்டூடியோவிலும் சேராமல், ஒரு கேமராவை நம்பித் தனித்துத் தொழில் தொடங்கியிருக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகள் சிலர், வேலை தேடிக்கொள்வது எப்படி என்று நம்மிடம் வினவினார்கள். நாம் பார்த்தவரை அவர்களுக்கு வேலை இருக்கிறது, கூலிதான் இல்லை. உறவினர் வீட்டு நிக்காஹ், நண்பரின் கடைத் திறப்பு, மதரஸா ஆண்டு விழா என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். "நம்ம பிள்ளைதானே" என்ற ஒரு சொல்லோடும் ஒரு தட்டுப் பிரியாணியோடும் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே இவ்வுரை பிள்ளைகளுக்கு மட்டுமன்று. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் உரியது.

உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (மறைவு 1935) அவர்கள் புகைப்படத்தை அனுமதித்து நூலே எழுதினார்கள். தேவைக்கு மட்டும் என்று வரையறுத்தோரும் பலர். அதை இங்கு விரிக்க நாம் விரும்பவில்லை. பேணுதலை நாடுவோருக்கும் வழி அடைபடவில்லை. உயிரற்ற பொருள்களைப் படமெடுப்பதில் சர்ச்சையே இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி, கைப்பை, பெல்ட் செய்யும் சிறு பட்டறைகள் எத்தனை! இணையத்தில் விற்க வேண்டுமானால் அவர்களுக்குத் தெளிவான படங்கள் வேண்டும். முதலில் வீட்டிலுள்ள செருப்பையே வெள்ளைச் சார்ட்டின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பழகுங்கள். தேர்ந்த பத்துப் படங்களோடு பட்டறை முதலாளியை நேரில் சென்று காணுங்கள். உங்கள் திறமைக்குச் சான்றாக ஒரே ஒரு பொருளை இலவசமாக எடுத்துக் கொடுக்கலாம். இரண்டாவதற்கு விலை சொல்லிவிட வேண்டும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாசிக்க வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் போர்வையையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக்கொடுத்து, ஒன்றில் வீட்டாருக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் விறகு வெட்டி விற்ற அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பினார் என்ற செய்தி அபூதாவூதில் உள்ளது. அங்கே கடன் இல்லை, வட்டியும் இல்லை. நம் பிள்ளைகளோ முதல் ரூபாய் ஈட்டுமுன்பே விலையுயர்ந்த கேமராவை வட்டித் தவணையில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு தவணை நாள் நெருங்க நெருங்க, கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அனுபவமுள்ளவரிடம் இரண்டாம் கேமரா பிடிக்கும் ஆளாக நாள் கூலிக்குச் செல்வதில் இழுக்கு எதுவுமில்லை. தொழிலும் கையில் படியும், அவரால் ஏற்க இயலாத வேலைகளும் உங்களைத் தேடி வரும்.

இனிக் கூலி. ஃபிக்ஹு கிதாபுகளில் இஜாரா பாடத்தை ஓதியவர்கள் அறிவார்கள்: செய்யப்படும் வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒப்பந்தம் பழுதாகும். கூலிக்கு உழைப்பவர் என்று அறியப்பட்டவரிடம் பேசாமலே வேலை வாங்கினால் ஊர் வழக்கிலுள்ள கூலி, அதாவது அஜ்ருல் மிஸ்ல், கடமையாகும். "ஒன்றும் பேசவில்லையே" என்பது தப்பும் வழியன்று. எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஆல்பம் உண்டா, எந்நாளில் ஒப்படைப்பது, முன்பணம் எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடனை எழுதிவைக்கும்படி ஏவும் வசனமே குர்ஆனில் மிக நீளமானது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாட்டுச் சட்டமும் இங்கே பேசுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அப்படத்தின் முதல் உரிமையாளர். உங்கள் திறமையைக் காட்ட அப்படம் வேண்டுமானால் அதையும் அத்தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் நிக்காஹ் படத்தை அனுமதியின்றி இன்ஸ்டாகிராமில் ஏற்றுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். அவ்வாறு செய்தவரை அந்தக் குடும்பம் மறுபடி அழைப்பதில்லை.

மணப்பெண் பகுதியில் படமெடுக்கப் பெண்களே வேண்டுமென்று தேடி அலையும் வீடுகளை நாம் அறிவோம். இத்தொழிலைக் கற்ற நம் பெண்மக்கள் ஒருவர்மீது ஒருவர் போட்டியின்றியே வேலை பெறலாம். ஆனால் ரமழானில் நிக்காஹ் அரிது. ஸஃபரில் பீடை என்று தள்ளிப்போடும் அறியாமை இன்னும் போகவில்லை. ஆகவே அம்மாதங்களுக்குப் பொருள் படங்களே கைகொடுக்கும்.

நிர்வாகத்தாருக்கு இரு வேண்டுகோள்கள். பைத்துல்மாலிலிருந்து கருவி வாங்க வட்டியில்லாக் கடன் வழங்குவது குறித்து அடுத்த கூட்டத்தில் முடிவெடுங்கள். மற்றொன்று, சென்ற மீலாது விழாவுக்குப் படமெடுத்த பிள்ளைக்கு நம் ஜமாஅத்தே இன்னும் கூலி கொடுக்கவில்லை என்று அறிகிறோம். பொருளாளர் அவர்கள் இன்று அஸருக்கு முன் அதைக் கொடுத்துவிட வேண்டும்.