குட்டி யானை ஓட்ட எட்டாவது பாஸ் வேண்டாம்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன வருஷம் எங்க குழுவில் கடன் எடுத்து, ஒரு உறுப்பினர் பேரில் குட்டி யானை வண்டி வாங்கினோம். நாங்க அரைக்கிற மாவு, மசாலாப் பொடியை முடிச்சூர், பெருங்களத்தூர் கடைகளுக்குப் போடத்தான். டிரைவர் வராத நாளெல்லாம் வண்டி நின்றது. தவணை நிற்குமா?

"நாமே ஓட்டினா என்ன?" என்று விசாரித்தோம். ஒரு தரகர் வந்தார். "மஞ்சள் போர்டு வண்டிம்மா. தனி லைசென்ஸ் வேணும், எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட்டும் வேணும். எட்டாயிரம் கொடுங்க, எல்லாம் நானே முடிச்சுத் தர்றேன்" என்றார். ஐந்தாவதோடு படிப்பை விட்டவங்க நாங்க. பயந்துதான் போனோம். நல்லவேளை, பணம் கொடுக்கும் முன்னே நாலு பேரைக் கேட்டோம்.

சகோதரிகளே, எட்டாவது விதி முன்பு இருந்தது உண்மை. 2019-ல் மத்திய அரசு அதை எடுத்துவிட்டது. தனி லைசென்சும் வேண்டாம். வண்டியும் சுமையும் சேர்ந்து 7,500 கிலோவுக்குள் இருந்தால், கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்சே போதும். 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு இது. எடை எவ்வளவு என்று ஆர்.சி.யில் பாருங்கள். கேஸ் சிலிண்டர் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும் இது பொருந்தாது.

18 வயது முடிந்தவர்கள் முதலில் எல்.எல்.ஆர். போடணும். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து, தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டணும்.

அதைவிடப் பெரிய லாரி என்றால் 20 வயது ஆகியிருக்கணும், எல்.எம்.வி. வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கணும். டிரைவிங் ஸ்கூல் சான்றும் டாக்டர் சான்றும் வேணும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிசு ஒன்று இருக்கு. விபத்து நடந்தால், நஷ்டஈட்டுப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்காரங்க கிட்டயே வசூல் பண்ணலாம். குழுவின் சேமிப்பே கரைந்து போகும்!

கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ் ஓட்டியவர். நமக்குக் குட்டி யானை பெரிசா?

எங்களில் இரண்டு பேர் லைசென்ஸ் வாங்கிட்டோம். இப்போ டிரைவர் வராத நாளிலும் மாவு கடைக்குப் போகுது. நீங்களும் அடுத்த கூட்டத்தில் பேசி, குழுவுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். தரகர் வந்தால், "எட்டாவது விதி எப்பவோ போயிடுச்சு" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.