துண்டு வேறு, கடிதம் வேறு

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"வேலைக்கான உடற்தகுதியும் வைத்தியச் சான்றும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரிதாக இருந்தாலும் விஷயம் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். மலை ஏறி இறங்கி முழங்கால் போன அம்மா, கூடை சுமந்து தோள்பட்டை விட்டுப்போன அக்கா, மருந்தடித்து மூச்சு இழுக்கிற மாமா. இவர்களைப் பார்த்து "இனி உன்னால் வேலை செய்ய ஏலாது" என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்குப் புதியதல்ல. நம் பாட்டன் பூட்டன்மாரை இந்தப் பக்கம் கொண்டுவரும் முன்பே, மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அன்று பார்த்தவர்கள் ஆள் தேவைப்பட்டவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இன்று நாம் கேட்பது, எந்தப் பக்கமும் சாராத ஒருவர் பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தரம் 8 இல் படிக்கும் பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது. சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு கடதாசியை எடுத்து நீட்டியது. "டீச்சர், இத வாசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கி அம்மா ஆபீசுல கையெழுத்து வைக்கணுமாம்" என்றது.

முதல் கடதாசி ஆங்கிலத்தில் இருந்த வைத்தியத் துண்டு. "வேலைக்குத் தகுதியற்றவர்" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. இரண்டாவது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கடிதம். "சுகயீனம் காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு அப்போது 48 வயது. 26 வருஷம் கொழுந்து எடுத்தவர். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தோட்டம் ஏற்பாடு செய்த டாக்டர் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார், தூக்க முடியவில்லை, துண்டு எழுதிவிட்டார். என்ன வேலை செய்கிறாய், எவ்வளவு பாரம் தூக்குகிறாய், மலை எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வியும் இல்லை. அந்த அம்மாவோ இரண்டு கடதாசியும் ஒரே விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "டாக்டரே எழுதிட்டாரு, நம்ம என்ன செய்ய" என்றார்.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும். துண்டு வேறு, கடிதம் வேறு. துண்டு உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வது. கடிதம் வேலையைப் பற்றி நாம் சொல்வது. டாக்டர் சொன்னதால் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்று பாருங்கள். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டே வழிதான். ஒன்று, அந்தத் தொழிலாளி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் விசாரணை இருக்கும், நட்டஈடு பற்றிய பேச்சு வரும். கையெழுத்து வாங்கிவிட்டால் அது ஒன்றும் இல்லை. அதனால்தான் கடிதத்தில் "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற சொல் வருகிறது.

2021 இல் வந்த ஓய்வு வயதுச் சட்டத்தின்படி அந்த அம்மா 60 வயது வரை வேலையில் இருக்கலாம். 48 இல் கையெழுத்து வைத்தால் 12 வருஷப் பேர் போய்விடும். அந்த 12 வருஷத்துக்கும் தோட்டம் கட்ட வேண்டிய ஈ.பி.எப் 12 வீதமும் ஈ.டி.எப் 3 வீதமும் போய்விடும். சர்வீஸ் காசு 26 வருஷத்தோடு நின்றுவிடும். வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால் 12 வருஷத்துக்கு எத்தனை நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். 168 நாள். இதோடு, செக்ரோலில் பேர் இல்லை என்றால் லயக் காம்பராவைப் பற்றியும் பேச்சு வரும் என்ற பயம் நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

அந்த அம்மா கையெழுத்து வைக்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாறேன்" என்று மட்டும் ஆபீசில் சொன்னார். நாங்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்து அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினோம். "இவருக்கு நல்ல மாதிரி ஒரு துண்டு தாருங்கள்" என்று அதில் எழுதவில்லை. அவர் செய்யும் வேலையை எழுதினோம். கூடையில் எத்தனை கிலோ, மலை எவ்வளவு சரிவு, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார், மழையிலும் வேலை உண்டு என்று எழுதினோம். பிறகு மூன்று கேள்வி கேட்டோம். இவரால் என்ன செய்ய முடியாது? என்ன செய்ய முடியும்? இது மாறுமா, எவ்வளவு காலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்?

கிளினிக்குக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மூன்று நாள் பேர் போனது. ஆனால் வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. பாரம் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேலே உயர்த்தும் வேலை கூடாது, உட்கார்ந்தும் சம தரையில் நின்றும் செய்யும் வேலை செய்யலாம், ஆறு மாதம் கழித்து மீண்டும் காட்ட வேண்டும் என்று அந்த டாக்டர் எழுதியிருந்தார். பார்த்தது அதே கையைத்தான். கேட்ட கேள்வி சரியாக இருந்ததால் பதிலும் சரியாக வந்தது.

அந்தத் துண்டோடு தோட்ட ஆபீசில் பேசினோம், முடியவில்லை. தொழில் காரியாலயத்தில் பேசினோம். கடைசியில் தவறணையில் வேலை கிடைத்தது. இதை வெற்றி என்று மேளம் அடிக்க நான் வரவில்லை. கூடுதல் கொழுந்துக்குக் கிடைத்த கைக்காசு இப்போது அவருக்கு இல்லை. அதை அவர் இன்றும் சொல்லிக் குறைப்படுகிறார். ஆனாலும் பேர் விழுகிறது, ஈ.பி.எப் ஏறுகிறது, பிள்ளை படிக்கிறது.

இனி, இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "ஏலாது" என்று பொய்யாக எழுதுவது போலவே "ஏலும்" என்று எழுதுவதும் நடக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்று டிஸ்பென்சரிக்குப் போன ஆளுக்கு இரண்டு குளிசையைக் கொடுத்து மருந்துத் தொட்டியைத் திரும்ப முதுகில் ஏற்றிவிடுகிறார்கள். டிஸ்பென்சரி ஐயா எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் எழும்பி வருகிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். பெரட்டில் ஆள் குறைந்தால் அவரையும்தான் கேட்பார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு முடிவை, ஒரு பக்கத்துச் சம்பளத்தில் இருப்பவர் தனியாகச் சொல்லக் கூடாது.

அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். சில தலைவர்மார் தெரிந்த டாக்டரிடம் காசு கொடுத்துத் துண்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். அப்படி வாங்கிய ஒரு பொய்த் துண்டு, பின்னால் வருகிற பத்து உண்மைத் துண்டையும் செல்லாமல் ஆக்கிவிடும். நாம் கேட்பது நமக்குச் சாதகமான டாக்டரை அல்ல. உண்மையை எழுதுகிற டாக்டரை. சில நேரம் அந்த உண்மை, "இவரால் இனி எந்த வேலையும் செய்ய முடியாது" என்பதாகவும் இருக்கும். அப்போது அதை மறைக்கக் கூடாது. நிரந்தரமாக முழு இயலாமை என்று வைத்தியச் சான்று இருந்தால், பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயது வரும்வரை காத்திராமல் ஈ.பி.எப் பணத்தை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அந்தத் துண்டுதான் சோறு.

தலைவர் தலைவிமார் வீட்டுக்குப் போகும்போது ஐந்து விஷயத்தை மனதில் கொண்டுபோக வேண்டும்.

ஒன்று, வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க விடாதீர்கள். "வாசித்துக் காட்டிவிட்டு வைக்கிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. தொழில் காரியாலயம் போன்ற அரசாங்க அலுவலகங்களோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

இரண்டு, வேலையில் விழுந்தாலும் வெட்டுப்பட்டாலும் குளவி கொட்டினாலும் அன்றைக்கே அறிவித்துப் பதிய வையுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் அதைக் கொண்டு நட்டஈடு பெறுவது கஷ்டமாகிவிடும்.

மூன்று, தோட்டம் தன் செலவில் டாக்டரிடம் காட்டச் சொன்னால் போக மாட்டேன் என்று அடம் பிடிக்க வேண்டாம். மறுத்தால் நட்டஈடு கேட்கும்போது அதுவே தடையாகலாம். போங்கள். துண்டின் பிரதியைக் கேளுங்கள். பிறகு அரசாங்க வைத்தியசாலையிலும் காட்டுங்கள்.

நான்கு, டாக்டரிடம் போகும்போது வேலை விபரத்தை எழுதிக் கொண்டுபோங்கள். அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். ஆபீசுக்குக் கொடுக்கும் துண்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இருந்தால் போதும். என்ன வருத்தம் என்பது பெரட்டுக் களம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. முக்கியமாக நம் பெண்களின் விஷயத்தில் இதைக் கவனியுங்கள்.

ஐந்து, யாரையாவது நிறுத்திவிட்டால் அடுத்த தீபாவளி வரட்டும் என்று இருக்காதீர்கள். தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் தவணை.

அந்தப் பிள்ளை கடதாசியைக் கொண்டுவந்தது பின்னேரம். மறுநாள் காலையில் கையெழுத்து. அதற்குள் வாசிக்க ஒருவர் கிடைத்தார். எல்லா லயத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். அது நீங்கள்தான்.