பழைய இரும்பும் பதிவேடும்



பழைய உலோக வணிகத்துக்கு உரிமமும் கொள்முதல் பதிவேடும் எதற்கு, இது ஏழைகளை வதைக்கும் வேலைதானே என்று நம்மவர் சிலரே கேட்கிறார்கள். அவர்களுக்குத் தில்லி மாயாபுரியை நினைவூட்ட விரும்புகிறேன். 2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழகம், பல்லாண்டுகளாகப் பயன்படாது கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றைப் பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் விற்றது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. இன்னதென்று அறியாமலே மாயாபுரித் தொழிலாளர்கள் அதை உடைத்துப் பிரித்தனர். பளபளத்த ஒரு துண்டு ஒருவருடைய பணப்பையிலேயே இருந்தது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். மேலும் சிலர் கதிர்வீச்சுக் காயங்களோடு மருத்துவமனைகளில் கிடந்தனர்.

கருவியின் வரலாறு விற்றவரிடம் இருந்தது. வாங்கியவரிடமோ தராசு மட்டுமே இருந்தது. எனவே பதிவேடு வேண்டும்; ஆனால் அது விற்பவரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

இப்போதுள்ள சட்டங்களின் சுமை யார்மேல் விழுகிறது? 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டத்தைப் பாருங்கள். திருட்டுப் பொருள் என நியாயமாக ஐயுறத்தக்க ரயில்வே சொத்து ஒருவரிடம் இருந்தால், அதை முறைப்படி பெற்றதாக அவரே மெய்ப்பிக்க வேண்டும். தவறினால் முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை. பெரிய கிடங்குக்காரர் ரசீதுக் கட்டை எடுத்து நீட்டுவார். தெருத்தெருவாகத் தள்ளுவண்டியில் வாங்கும் கபாடிவாலா எதை நீட்டுவார்? ஆங்கிலத்தில் இருவருமே 'டீலர்'. இருவரையும் 'வணிகர்' என்று தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது.

கடைநிலையில் இருப்பவரிடம் ரசீது கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதை அரசு அறியாமல் இல்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு பெறாதவரிடமிருந்து பழைய உலோகத்தை வாங்கும் பதிவு பெற்ற வணிகர், தாமே பட்டியல் எழுதி வரியும் கட்ட வேண்டும். வரிக்காக இவ்வளவு செய்ய முடிகிறதே! எடையும் விலையும் குறித்த சீட்டு ஒன்றைக் குப்பை பொறுக்கும் பெண்ணின் கையில் கொடுக்கச் சொல்ல மட்டும் ஏன் முடியவில்லை? காவலர் மறித்தால் அவருக்கு அதுவே சான்று. எடையில் ஏமாற்றினால் அதுவே வழக்கு.

உரிமக் கட்டணமும் ஆய்வும் கிடங்குகளோடு நிற்கட்டும். தள்ளுவண்டிக்குக் கட்டணமில்லா அடையாள அட்டை போதும். ஏலம் விடும் நிறுவனம் பொருளின் தன்மையை எழுத்தில் தரட்டும். சீட்டு எந்த மொழியில் என்று ஒரு தோழர் கேட்டார். வாங்கிக்கொள்பவர் படிக்கும் மொழியில்தான், தோழரே.